சேர் வந்தாலும் எழும்பக் கூடாது

ஒரு முழு நாள் என் குதிக்காலுக்குள் ஆணி ஏறி இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன். சொல்லும் ஒவ்வொரு முறையும் முதலில் திடுக்கிடுகிறவன் நான்தான்.

அன்று காலை ஆறு மணிக்குச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெள்ளவத்தை வீட்டிலிருந்து இறங்கினேன். பஸ்ஸில் நின்றபடி போனேன். வருடாந்த அணிவகுப்பில் மூன்று மணி நேரம் இடது காலைத் தூக்கித் தூக்கி நிலத்தில் அடித்தேன். பின்னேரம் கொச்சிக்கடைத் தேவாலயத்தடியில் சனத்தையும் பஸ்களையும் ஒழுங்குபடுத்தினேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினால் காலுறை கழன்று வரவில்லை, குதிக்காலோடு ஒட்டிப் போயிருந்தது.

"இதென்னப்பா, இவ்வளவு இரத்தம்! உங்களுக்கு நோகேல்லையே?" என்று என் மனைவி பவானி கத்தினாள்.

"நோகேல்லை" என்றேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இருபத்தாறு வருஷமாகப் பொலிஸில் இருக்கிறவன், சார்ஜன்ட் யோகராசா, ஆணிக்கு அசைவானா?

ஆணி எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு. அணிவகுப்புக்கு முன்னர் சப்பாத்தின் குதியில் இரும்பு லாடம் அடிப்போம். லாடம் இருந்தால்தான் கால் விழும்போது சத்தம் கணீரென்று வரும், மேடையில் நிற்கும் பெரியவர் திரும்பிப் பார்ப்பார். மருதானையில் சப்பாத்துத் தைப்பவர்களிடம் கொடுத்தால் பதமாக அடித்துத் தருவார்கள். எனக்குப் பொறுமை இல்லை. வீட்டில் கிடந்த ஆணியை எடுத்து நானே அடித்தேன். ஆணி கொஞ்சம் நீளம் கூடிவிட்டது.

எட்டு வருஷமாக எனக்குச் சீனி வியாதி. வீட்டில் பவானி சீனி இல்லாத தேத்தண்ணி தருவாள். ஸ்டேஷனில் நான் மூன்று கரண்டி போட்டுக் குடிப்பேன். கெடுகுடி சொற்கேளாது என்பார்கள், அந்தக் குடி நான்தான். காயத்தையும் அப்படியே மறைத்தேன். வெளியே சொன்னால் மேசை வேலையில் இருத்திவிடுவார்கள் என்று பயம். பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு பத்து நாள் வேலைக்குப் போனேன். பதினோராம் நாள் காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. அறைக்குள் ஒரு நாற்றம். அது என் காலில் இருந்து வருகிறது என்று கண்டுபிடித்தவளும் பவானிதான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் பகுதியில் இரண்டு மணி நேரம் வாங்கில் இருந்தோம். சீருடையில் போயிருந்தால் முன்னுக்கு விட்டிருப்பார்கள். சாரத்தோடு போனதால் வரிசையில்தான் இருக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் காலைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி இருந்தார். பவானி அதைக் கண்டும் காணாதவள்போல் தன் சீலைத் தலைப்பை எடுத்து என் காலின் மேல் போட்டாள்.

டொக்டர் ஒரு இளம் பெண். என் தொழிலைக் கேட்டு எழுதிக்கொண்டு கண்ணை மூடச் சொன்னார். ஒரு நைலோன் நூலால் உள்ளங்காலைத் தொடப் போவதாகவும், தொடும்போதெல்லாம் "ஓம்" என்று சொல்லும்படியும் சிங்களத்தில் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறார், நூலைத் தேடுகிறாரோ என்று யோசித்தேன்.

"தொடங்குங்கோ மிஸ்" என்றேன்.

"முடிஞ்சுது சார்ஜன்" என்றார் அவர். "பத்து இடத்தில தொட்டன்."

கண்ணைத் திறந்தேன். பவானி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பத்து முறையும் நூல் என் தோலில் வளைந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அப்போதுதான் டொக்டர் விளக்கினார். சீனி பல வருஷம் இரத்தத்தில் கூடி இருந்தால் நரம்புகள் செத்துப்போகும். முதலில் சாவது பாதத்து நரம்பு. வலி என்பது உடம்பு அடிக்கும் மணி. என் காலில் அந்த மணி எப்போதோ அறுந்துவிட்டது. நான் வீரம் என்று நினைத்தது வியாதி.

எக்ஸ்ரே எடுத்தார்கள். குதிக்கால் எலும்புக்குள் கிருமி போயிருந்தது. ஊசி மருந்து ஏற்றினார்கள், தியேட்டருக்குக் கொண்டுபோய்ப் புண்ணை வெட்டித் துப்புரவாக்கினார்கள். அதற்கும் அடங்காமல், சதை அழுகிய கறுப்பு இரண்டு நாளில் கணுக்கால் வரை ஏறியது. மூன்றாம் நாள் டொக்டர் ஒரு ஸ்டூலை இழுத்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு அதில் இருந்தார்.

இங்கே என்னுடைய வேலையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கொட்டாஞ்சேனைப் பக்கம் நான் வேலை பார்த்த ஸ்டேஷனில் தமிழ் நன்றாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தமிழ் வீடுகளுக்குத் துக்கச் செய்தி கொண்டுபோவது என் தலையில்தான் விழும். விபத்து, கடலில் போனது, தூக்கில் தொங்கியது, எல்லாம். வாசலில் விறைப்பாக நிற்பேன். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைப்பேன். ஒரே வசனத்தில் சொல்லிவிடுவேன். "இருங்கோ தம்பி" என்று கதிரை காட்டுவார்கள். நான் இருந்ததே இல்லை. இருந்தால் வெளிக்கிடப் பிந்திவிடும்.

டொக்டர் இருந்துகொண்டு சொன்னார். முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தப்பும், விஷம் இரத்தத்தில் கலக்கத் தொடங்கிவிட்டது, இன்றைக்கே செய்ய வேண்டும். நான் தலையாட்டினேன். பவானிக்கு அப்போது சிங்களம் மட்டுமட்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்து, கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்தவள். வெள்ளவத்தையில் தமிழோடேயே ஒரு ஆயுளை ஓட்டிவிடலாம். அவள் டொக்டரின் வாயைப் பார்த்தாள், பிறகு என் வாயைப் பார்த்தாள்.

"என்னவாமப்பா? சொல்லுங்கோ."

எத்தனையோ வீட்டு வாசலில் நின்று சொன்னவனுக்கு வாய் வரவில்லை. என் கால் போகப் போகிற செய்தியை என் மனைவிக்கு நானே மொழிபெயர்க்க வேண்டும். ஒரே வசனத்தில் சொன்னேன், பழக்கதோஷம். "இண்டைக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழ எடுக்கப் போகினம்." பவானி விழவில்லை, அழவில்லை. கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு, "இப்படியா சொல்லுறது?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் ஒருத்தி கேட்டதாக எனக்குப் படவில்லை. கொட்டாஞ்சேனையில் நான் கதவு தட்டிய வீடெல்லாம் சேர்ந்து கேட்டது.

மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது முதலில் போர்வையைத்தான் பார்த்தேன். வலது பக்கம் மேடு. இடது பக்கம் முழங்காலுக்குக் கீழே போர்வை கட்டிலோடு படுத்துக் கிடந்தது. தெரிந்துதான் போனேன், கையெழுத்தும் வைத்தேன். தெரிந்திருப்பது வேறு, பார்ப்பது வேறு.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி மூன்றாம் நாள் வந்தது. குதிக்கால் குத்தியது. இல்லாத குதிக்கால், ஆணி ஏறிய அதே இடத்தில் சுள்ளென்று குத்தியது. நேர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. கால் போனாலும் மூளைக்குள் காலின் படம் அழியாதாம், மூளை அந்தப் படத்தில் வலியைப் போடுமாம். இருந்த காலத்தில் ஆணி ஏறியதை எனக்குச் சொல்லாத கால், போன பிறகு வந்து முறைப்பாடு எழுதச் சொல்கிறது. வாழ்நாள் முழுக்க முறைப்பாடு எழுதியவன் நான். இந்த முறைப்பாட்டை எந்தப் புத்தகத்தில் பதிவது?

ஐந்து வாரம் ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தேன். பவானி ஹெவ்லொக் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் வேலை செய்கிறாள். வேலை முடிந்ததும் குரக்கன் பிட்டோடு வருவாள். வந்த முதல் கிழமையே ரப்பர் செருப்பில் வலதுகால் செருப்பை மட்டும் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே வைத்தாள். வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். அலுமாரியின் மேல்தட்டில் இருந்த என் சவர்க்காரப் பெட்டி, மூக்குக் கண்ணாடி, ரேடியோ எல்லாம் கதிரையில் இருந்தபடி கை எட்டும் தட்டுக்கு இறங்கியிருந்தன. அதைப் பார்த்துத்தான் முதல் முறையாக அழுதேன்.

நாலு மாதத்தில் தையல் ஆறியது. செயற்கைக் கால் மாட்டி நடக்கப் பழகினேன். மற்ற நேரமெல்லாம் ஜன்னலடியில் இருந்து காலி வீதியைப் பார்த்தேன். ஒருநாள் நியாஸ் வந்தார். பொலிஸில் சாரதியாக இருந்து ஓய்வுபெற்றவர், மருதானைக்காரர். கடமையில் மோட்டார் சைக்கிளில் போகும்போது லொறி அடித்து வலது காலை இழந்தவர்.

"என்ன சார்ஜன், ஊட்டுக்குள்ளயே ஈக்கிறீங்க? வாங்க பந்தடிக்க."

"கால் இல்லாமலோ?"

"கால் இல்லாதவங்களுக்குத்தான் எடம் ஈக்கி. ரெண்டு காலும் ஈக்கிறவன் எங்கட டீமுக்குக் கெஞ்சினாலும் எடுக்க மாட்டோம்."

பொலிஸில் இருக்கிறவர்களும் இருந்தவர்களுமாக உடம்பில் ஏதோ ஒன்றை இழந்தவர்கள் சேர்ந்து இருந்தபடி ஆடும் கரப்பந்தாட்டம் அது. வலை பதிவு, எழும்பி நின்றால் நெஞ்சுக்குக்கூட எட்டாது. கையால் நிலத்தைத் தள்ளித் தள்ளி நகர வேண்டும். ஒரே ஒரு கடும் சட்டம்: பந்தைத் தொடும் நேரம் பிட்டம் நிலத்தில் இருக்க வேண்டும். தூக்கினால் நடுவர் விசில் அடித்து எதிரணிக்குப் புள்ளி கொடுப்பார். செயற்கைக் கால்களைக் கழற்றிச் சுவரோரம் வரிசையாகச் சாத்தி வைப்போம். எல்லாக் காலிலும் சப்பாத்து, எல்லாச் சப்பாத்தும் பளபளவென்று மினுக்கியிருக்கும். கால் போனாலும் மினுக்கு போகாத சாதி நாங்கள்.

அங்கே எனக்கு உயிர் வந்தது. இளம் வயதில் ஸ்டேஷன் அணிக்கு வலையடியில் நின்று அடித்தவன் நான். கை மறக்கவில்லை. வீட்டுக்கு வந்து பவானியிடம் புள்ளிக் கணக்குச் சொல்வேன். "மெல்ல, மெல்ல" என்பாள். சீனி இல்லாத தேத்தண்ணியை முகம் சுளிக்காமல் குடித்தேன்.

அப்புறம் அந்தத் தெரிவு ஆட்டம். வெளியூர் அணிகளோடு மோதுவதற்கு ஆட்களைத் தெரிவுசெய்யும் நாள். நாங்கள் இரண்டு புள்ளி முன்னால் இருந்தோம். பந்து எங்கள் பக்கம் உயர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் மண்டபக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பிரதிப் பொலிஸ் மா அதிபர் உள்ளே வந்தார். எங்களுக்கு உற்சாகம் கொடுக்கச் சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறார், நல்ல மனிதர்.

எங்கள் அணியின் ஆறு பேரும் எழும்பினோம்.

யோசித்து எழும்பவில்லை. பெரியவர் உள்ளே வந்தால் பொலிஸ்காரனின் உடம்பு எழும்பும், அவ்வளவுதான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். நியாஸ் கையை ஊன்றி அரையடி கிளம்பியிருந்தார். மற்றவர்களும் அப்படித்தான். பந்து ஒருவரின் தோளில் பட்டது, நடுவர் விசில் அடித்தார். ஆறு பேரும் ஒரேயடியாகப் பிட்டத்தைத் தூக்கியதை அவர் தன் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார். ஐந்து பேர் சிரித்துக்கொண்டு தொப்பென்று இருந்துவிட்டார்கள்.

நான் மட்டும் முழுதாக எழும்பிவிட்டேன். வலது காலில் எழும்பி இடது காலை ஊன்றினேன். அங்கே கால் இல்லை. தலையில் தொப்பி இல்லாதபோது சலூட் இல்லை. கைகளை உடம்போடு ஒட்டி விறைப்பாக நிற்பதுதான் மரியாதை. கை விறைப்பாக இருந்ததால் நிலத்தைப் பிடிக்க வரவில்லை. வெட்டிய காலின் நுனியே நேராகப் பலகைத் தரையில் போய் இடித்தது. இந்த முறை வலித்தது. ஐயோ, எப்படி வலித்தது! தையல் ஆறிய தோல் வாய் பிளந்து இரத்தம் கோட்டுக்கு வெளியே ஓடியது. நினைவு தப்பும் முன் நான் பார்த்த கடைசி முகம் அந்தப் பெரியவருடையது. வெளிறிப் போயிருந்தது.

திரும்பவும் அதே ஆஸ்பத்திரி, அதே டொக்டர். என்ன நடந்தது என்று கேட்டார். "சேர் வந்தார், எழும்பினேன்" என்றேன். பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காயத்துக்குள் எலும்பின் முனை தெரிந்தது. கிருமியும் பிடித்துவிட்டது. இரண்டாம் நாள் டொக்டர் ஸ்டூலை இழுத்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. நான் பவானியின் பக்கம் திரும்ப, அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"இந்த முறை நீங்கள் சொல்ல வேண்டாம். நான் கேக்கிறன்."

முதல் முறை ஐந்து வாரமும் வாட்டில் மற்ற நோயாளிகளின் மனைவிமாரோடு இருந்து பழகியதில் அவள் சிங்களம் பிடித்திருந்தாள். உடைந்த சிங்களம். ஆனால் நேராகக் கேட்டாள்: முழங்கால் தப்புமா?

தப்பாமலும் போகலாம் என்றார் டொக்டர். மூன்று நாள் பார்ப்போம், கிருமி ஏறினால் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டி வரும். முழங்கால் இருந்தால் செயற்கைக் கால் சொன்னபடி கேட்கும், படி ஏறலாம், பஸ்ஸில் போகலாம். முழங்கால் போனால் ஒவ்வொரு அடிக்கும் இரண்டு மடங்கு பாடு. என் வயதில், என் சீனியோடு, பலர் சக்கர நாற்காலியிலேயே இருந்துவிடுகிறார்கள். பந்தைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது.

அந்த மூன்று நாளும் நான் முழங்காலை விட்டுக் கையை எடுக்கவில்லை. நித்திரையிலும் அதைப் பிடித்தபடி கிடந்ததாகப் பவானி சொன்னாள். ஒரு சின்ன மெஷினை முழங்காலுக்குப் பின்னால் வைத்து இரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்டார்கள். உஷ், உஷ் என்று வந்தது. அந்தச் சத்தம் நிற்காமல் இருக்க வேண்டும் என்று பவானி நேர்ந்துகொண்டது பிள்ளையாருக்கா அந்தோனியாருக்கா என்று இன்னும் எனக்குத் தெரியாது. இருவருக்கும்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் அந்தப் பெரியவர் வாட்டுக்கு வந்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கட்டிலில் கிடந்த என் முதுகு தானாக மேலே எழும்பியது. ஊசி ஏற்றும் குழாய் இழுபட்டது. பவானி என் நெஞ்சில் கையை வைத்து அமத்தினாள்.

"படுங்கோ! உங்களுக்கென்ன விசரே?"

பெரியவர் இரண்டு அடி பின்வாங்கினார். அவர் முகம் இறுகியது. கொண்டுவந்த பழப் பையைக் கட்டில் நுனியில் வைத்துவிட்டு உடனே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை வந்தது. கிருமி இறங்கியிருந்தது. எலும்பின் முனையைச் சற்று ராவி, துப்புரவாக்கி, திரும்பத் தைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் போர்வையைப் பார்க்கப் பயந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். பவானி என் கையை எடுத்து முழங்காலின் மேல் வைத்தாள். இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. நம்ப முடியாமல் மாறி மாறித் தடவிப் பார்த்தேன்.

ஏழு மாதம் கழித்துத்தான் டொக்டர் பந்து தொட விட்டார். மண்டபத்துக்குப் போனபோது சுவரில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. அந்தப் பெரியவரின் கையெழுத்து. ஆடுகளத்தில் இருக்கும் எவரும் எந்த அதிகாரிக்காகவும் எழும்பக் கூடாது என்று எழுத்தில் கட்டளை. நியாஸ் அதைக் காட்டிச் சிரித்தார்.

"பாத்தீங்களா சார்ஜன், இரிக்கிறதுக்கும் எங்களுக்கு ஓர்டர் வேணும்."

வெளியூர் அணியோடு ஆட்டம். பவானி கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். மூன்றாம் சுற்றின் கடைசியில் நான் பந்து போடும் முறை வந்தது. என் இடம் கதவுப் பக்க மூலை. பந்தை வாங்கிக்கொண்டு திரும்பியபோது பவானி எழும்பிக் கதவை மெல்லத் திறப்பதைக் கண்டேன். வெளியே தாழ்வாரத்தில் அந்தப் பெரியவர் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. எவ்வளவு நேரமாக அங்கே நின்றாரோ. தன்னைக் கண்டால் நூற்றுக்கணக்கானவர்கள் எழும்பி நிற்கும் மனிதர், உள்ளே வந்தால் நான் எழும்பிவிடுவேன் என்று பயந்து வெளியே நிற்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று ஆஸ்பத்திரியில் அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

பவானி தன் உடைந்த சிங்களத்தில் அவரிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"உள்ள வாங்கோ சேர். அவர் எழும்ப மாட்டார்."

அவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கதிரைகள் சரசரக்க எழும்பினார்கள். என் வலது பாதம் நிலத்தை அழுத்தியது. முதுகு விறைத்தது. நடுவர் விசில் அடித்தார். பந்தை மேலே போட்டு அடித்தேன். அது வலையில் பட்டு எங்கள் பக்கமே விழுந்தது. புள்ளி போய்விட்டது.

நான் எழும்பவில்லை.